கதைக்களம், கதைப்பின்னல், கருப்பொருள் முதலிய சொற்களைக் குழப்பமின்றிப் புரிந்துகொள்வது எப்படி?

சேலத்தில் இளங்கலைத் தமிழ் படித்தபோது இச்சொற்களின் வரையறைகளை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆயினும், ஒரு சிறுகதையைக் கொடுத்து அதன் பின்னலை எழுதச் சொன்னால் கதைச்சுருக்கத்தையே எழுதிவைத்தேன். ஏற்காட்டிலிருந்து பேருந்தில் இறங்கிய ஒருநாள், நானே ஒரு கதையைக் கட்டிப் பார்த்த பிறகுதான் தெளிவு பிறந்தது.

காப்பித் தோட்டத் தொழிலாளி ஒருவர் வேலையை விட்டார். பிறகு அவர் மகன் படிப்பை நிறுத்தினான். இது கதை. தந்தை வேலையை விட்டதால் குடும்பத்தைத் தாங்க மகன் படிப்பை நிறுத்தினான் என்றால், காரணம் நுழைந்துவிடுகிறது, அதுவே பின்னல். ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் ஓர் அரசன், அரசியின் இறப்பை வைத்து விளக்கியதும் இவ்வேறுபாட்டைத்தான். இனி, சேலம் கடைவீதியில் மகன் மூட்டை தூக்கும் காட்சியில் தொடங்கி, தந்தை வேலையை விட்ட காரணத்தைக் கடைசிவரை மறைத்து வைத்தால், நிகழ்ச்சிகள் மாறாமலே பின்னல் மாறிவிடும்.

இதையே மகன் "நான்" என்று சொன்னால், தந்தையின் மனத்துக்குள் அவனால் நுழைய முடியாது. அவன் ஊகிக்கத்தான் முடியும். நோக்குநிலை என்பது இந்த எல்லைதான். அந்த "நான்" கதைசொல்லியே அன்றி எழுத்தாளர் அல்லர். மாணவர் விடைத்தாள்களில் நான் மிகுதியாகக் காணும் பிழை இவ்விருவரையும் ஒருவராக்குவதே.

கருப்பொருள் என்ற சொல்லில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. தொல்காப்பியத்தில் நிலமும் பொழுதும் முதற்பொருள். இன்று நாம் கதைக்களம் என்பது ஏறத்தாழ அதுவே. அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை கருப்பொருள். என் கதையில் சேர்வராயன் கோயிலும், சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக்கொடியும், காப்பிப்பழம் பறிக்கும் வேலையும் அவ்வகையின. ஆனால் இக்காலத் திறனாய்வில் பலர் அதே சொல்லைப் படைப்பின் மையக்கருத்து என்ற பொருளில் ஆள்கின்றனர். (இப்பொருளுக்கு "கதைக்கரு" என்பதே எனக்கு உவப்பானது.) ஆகவே அச்சொல்லைப் பார்த்தவுடன், பேசப்படுவது திணை இலக்கணமா இக்காலப் புனைகதையா என்று முதலில் பாருங்கள், தேர்வில் எழுதும்போது எப்பொருளில் ஆள்கிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே குறித்துவிடுங்கள்.