இலங்கையில தேயிலை மலைக்குள்ள இருக்கற பாறையில கயிறு போட்டு ஏற யார்கிட்ட கேக்கணும்?

பாறை யாரோட நிலத்துல நிக்குதுன்னு பாருங்க. ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா, அங்க வனஜீவராசிகள் திணைக்களம். நக்கிள்ஸ் காடுன்னா வனப் பாதுகாப்புத் திணைக்களம். தோட்டத்துப் பாறைன்னா முதல்ல தொரைகிட்ட, அதான் தோட்ட மேனேஜர்கிட்ட சொல்லிருங்க, ஆனா அதோட நிப்பாட்டாம தொழிலாளிங்க குடியிருக்கற லயத்துக்குப் போய் குளவி எங்க கட்டியிருக்குன்னு கட்டாயம் கேளுங்க, ஏன்னா பாறை இடுக்குல கூடு கறுப்பா பலகை மாதிரி தொங்கும், ஒரு கல்லு உருண்டு பட்டாலே கலைஞ்சிரும், கீழ கூடையோட கொழுந்து எடுக்கற அக்காமாரால ஓடக்கூட முடியாது. எனக்கு பெரிய பயமே அதுதான்.

சூலம் நட்டு மஞ்ச பூசின கல்லுல கயிறு மாட்டற போல்ட் அடிக்கவே வேணாம், அது சாமி. நுவரெலியா, ஹட்டன் பக்கம்னா ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் நல்லம், மே மாசம் தென்மேற்கு மழை தொடங்கினா பாறையெல்லாம் பாசி புடிச்சு வழுக்கும்.