பழைய வண்டிக்குக் கையால் பேக்கிங் வெட்டலாமா?

தக்கலையில் பழைய பைக்குகளோடு மல்லுக்கட்டுகிறவன் நான். எஞ்சின் பாகங்கள் சேரும் இடம் கசியாமல் இருக்க நடுவில் வைக்கும் தாள்தான் பேக்கிங். கடையில் கிடைக்காததைக் கையால் வெட்டுவது பற்றி நண்பர்கள் கேட்டதும் நான் சொன்னதும் கீழே. கேட்டவர் பெயருக்குப் பதில் அவர் ஊரைப் போட்டிருக்கேன்.

மார்த்தாண்டம்: அண்ணே, அப்பாவோட யெஸ்டி பைக். சிலிண்டருக்கு அடியில் வரும் பேக்கிங்கைக் கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டலாமா?

வழியில் நின்றுபோன வண்டியை வீடு சேர்க்க வேண்டுமானால் வெட்டுங்க, நானும் வெட்டியிருக்கேன். நிரந்தரமாக ஓட, பேக்கிங் வெட்டுவதற்கென்றே விற்கும் ஆயில் பேப்பர்தான் வேண்டும். உருவத்தை யாரும் வெட்டிவிடலாம் தம்பி, கவனிக்க வேண்டியது கனம். யெஸ்டி மாதிரி டூ ஸ்ட்ரோக்கில் பேக்கிங் தடித்தால் சிலிண்டர் மேலே ஏறும். அதோடு சிலிண்டர் சுவரில் இருக்கும் போர்ட் துளைகளும் உயரும், உள்ளே கலவையை நெருக்கும் கம்ப்ரஷன் குறையும். மெலிந்தால் பிஸ்டன், சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டை நெருங்கிவிடும். பழையதை வெர்னியரில் அளங்க. ஆனால் போல்ட் நசுக்கிய இடத்தில் அளக்காதீங்க, நசுங்காத ஓரத்தில் அளங்க. ஊசி நுழையும் சந்து இருந்தாலே காற்று உள்ளே இழுக்கும். பெட்ரோலும் அதோடு கலந்த ஆயிலும் குறைந்து, சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

கோட்டாறு: தாளை எஞ்சின் மேலேயே வைத்துச் சுத்தியலால் தட்டி வெட்டுகிறார்களே, சரியா?

வார்ப்பிரும்பு என்றால் சரி. அலுமினியத்தில் செய்தால் விளிம்பு மழுங்கி, அப்புறம் எந்தப் பேக்கிங் போட்டாலும் கசியும். பேக்கிங் உட்காரும் முகத்தில் பழைய ஆயிலை விரலால் லேசாகத் தடவி, தாளை வைத்து உள்ளங்கையால் அழுத்தி எடுங்க, அச்சு விழும். முதலில் போல்ட் ஓட்டைகள். பலாக் கட்டையின் வெட்டுமுகத்தில் தாளை வைத்து, முனை தீட்டிய இரும்புக் குழாயை நிறுத்தி ஒரே அடி. ஓட்டைகளை போல்ட்டில் மாட்டிப் பார்த்துச் சரியாக உட்கார்ந்த பிறகுதான் கத்தரிக்கோல். சுற்றளவை முதலில் வெட்டினால் ஓட்டை ஒரு நூல் தள்ளிப்போனாலும் தாள் வீண்.

குலசேகரம்: வீட்டில் ரப்பர் ஷீட் கிடக்குது அண்ணாச்சி. அதில் வெட்டினால் என்ன?

நம்ம ஊரில் இதைக் கேட்காத ஆள் கிடையாது! தபால்தலை அளவுத் துண்டை ராத்திரி பெட்ரோலில் போட்டு வையுங்க. காலையில் ஊதிப் பெருத்து, விரல் பட்டாலே பிய்யும். இயற்கை ரப்பருக்குப் பெட்ரோலும் எஞ்சின் ஆயிலும் ஆகாது. போதாக்குறைக்கு, தோட்டத்து ரப்பர்ப் பாலை உறையவைத்துப் புகைபோட்ட ஷீட் கந்தகம் சேர்த்து வேகவைக்காத பச்சை ரப்பர், சூட்டில் இளகி ஒட்டும். கடையில் நைட்ரைல் ரப்பர் என்று கேட்டு வாங்குங்க. ஷீட்டை விற்றுக் காசாக்குங்க.

இரணியல்: புல்லட் டைமிங் கவருக்கு நானே வெட்டலாமா?

வெட்டலாம். ஆயில் போகும் சின்ன ஓட்டைகளை எண்ணிக்கொண்டு வெட்டுங்க. தொழில் பழகிய நாளில் ஒன்றை விட்டுவிட்டேன். ஸ்டார்ட் செய்து, வால்வை அசைக்கும் ராக்கருக்கு ஆயில் போகும் குழாயின் நட்டைத் தளர்த்தினால் ஒரு சொட்டு வரவில்லை. உடனே அணைத்ததால் எஞ்சின் பிழைத்தது, ஆசானிடம் நான் பிழைக்கவில்லை. சிலிக்கான் பசையை அப்பினாலும் இதே கதிதான், பிதுங்கியது ஆயில் பாதையை அடைக்கும்.

நாகர்கோவில்: அம்பாசடர் ஹெட் கேஸ்கட்?

கேஸ்கட்டும் பேக்கிங்தான், ஆனால் ஹெட்டுக்கு வருவதை மட்டும் வாங்கிப் போடுங்க சார். பழையதைச் சுரண்டும்போது நனைத்துச் சுரண்டுங்க, ஏர் அடிக்காதீங்க. அந்தக் காலத்துக் கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், தூசி நுரையீரலுக்குக் கேடு.

கருங்கல்: செம்புக் கேஸ்கட்டைத் திரும்பப் போடலாமா?

கிழியாமல் இருந்தால் போடலாம். மங்கிய சிவப்பாகும்வரை காய்ச்சித் தண்ணீரில் முக்குங்க. அப்படி முக்கினால் எஃகு இறுகும், செம்பு இளகும்.

குளச்சல்: போன வருஷம் வெட்டி வைத்த கார்க் பேக்கிங்கில் ஓட்டைகள் இப்போது சேரவில்லை.

காய்ந்து சுருங்கியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, ஈரம் துடைத்து மாட்டிப் பாருங்க. விரிசல் விட்டிருந்தால் புதிதாக வெட்டுங்க.