கார் ஆம்ப் மக்கர் பண்ணுதா? கேட்டவைக்குப் பதில்கள்

கார் செட், ஆம்ப் (பாட்டுச் சத்தத்தைக் கூட்டுற ஆம்ப்ளிஃபையர்) பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்க என்று சொல்லியிருந்தேன். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து வண்டி நம்பரான டிஎன் 74 (நாகர்கோவில்), டிஎன் 75 (மார்த்தாண்டம்) ரெண்டு பக்கத்திலிருந்தும் கேள்விகள் வந்து குவிஞ்சிட்டு. ஒரே மாதிரி வந்ததைச் சேர்த்து, கேட்டவங்க ஊர் பேரோட எழுதுகேன். ஒரு மல்டிமீட்டர் கையில இருக்குன்னு வச்சுதான் எல்லா பதிலும். மீட்டர் வைக்காம சாலிடரிங் அயர்னைச் சூடாக்குகவங்களுக்கு இதுல ஒண்ணும் இல்லை.

மார்த்தாண்டம்: அண்ணாச்சி, எனக்க வண்டியில நாலு சேனல் ஆம்ப். ஆன் பண்ணினா சிவப்பு புரொடெக்ட் லைட்டு எரிஞ்சுட்டே நிக்கு, பாட்டு இல்ல. போர்டு போச்சு, புதுசு வாங்குன்னு கடையில சொல்லுதாங்க. வாங்கவா?

பொறுங்க தம்பி. ஏதோ கோளாறுன்னு ஆம்ப் தன்னைத்தானே நிறுத்திக்கிட்டதைக் காட்டுற லைட்டு அது. ஸ்பீக்கர் ஒயர் எல்லாத்தையும் ஆம்பிலிருந்து கழட்டுங்க. ஸ்டீரியோவிலிருந்து பாட்டு கொண்டு வர்ற ஆர்சிஏ கேபிளோட பின்னையும் உருவுங்க. பேட்டரி பிளஸ், எர்த், ரிமோட் (ஆம்பை ஆன் பண்ணச் சொல்லி ஸ்டீரியோவிலிருந்து வர்ற ஒயர்) இந்த மூணு மட்டும் இருக்கட்டும். இப்ப ஆன் பண்ணிப் பாருங்க. சிவப்பு போயி பச்சை வந்தா ஆம்புக்கு ஒரு கேடும் இல்லை, கோளாறு வெளியே. ஆஃப் பண்ணி ஒரு சேனல் மாட்டி, ஆன் பண்ணிப் பார்த்து, அடுத்ததுக்குப் போங்க. எதை மாட்டும்போது சிவப்பு வருகோ அந்த ஒயரைத் தொடர்ந்து போனா, கதவு கீல் பக்கத்து ரப்பருக்குள்ளயோ சீட் தண்டவாளத்துக்கு அடியிலயோ தோல் உரிஞ்சு பாடியில முட்டிக்கிட்டு இருக்கும். மூணு ஒயரோட மட்டும் நின்னும் சிவப்பு போகலன்னாதான் போர்டைத் திறக்கணும். அப்ப முதல்ல பார்க்க வேண்டியது அவுட்புட் ட்ரான்சிஸ்டர் ஷார்ட்.

குலசேகரம்: ஃபியூஸ் மாட்டின உடனே 'டப்'னு போகு. ரிமோட் ஒயர் குடுக்கவே இல்ல. 30 ஆம்பியருக்குப் பதிலா 60 போட்டுப் பாக்கலாமா அண்ணே?

போடாதீங்க. 30ல போற ஷார்ட் 60ல போகாம நின்னா, ஃபியூஸுக்குப் பதிலா ஒயரும் போர்டும் எரியும்.

ரிமோட் இல்லாமலே போகுதுன்னா ரெண்டு இடம்தான் முக்கியம். ஒண்ணு, யாரோ பிளஸ் மைனஸை மாத்திக் குடுத்து, உள்ளே இருக்குற ரிவர்ஸ் பாதுகாப்பு டயோடு ஷார்ட் ஆகியிருக்கும். இன்னொண்ணு, சப்ளை மாஸ்ஃபெட், அதாவது ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யுற ட்ரான்சிஸ்டர். பேட்டரியோட 12 வோல்ட்டை இந்த மாஸ்ஃபெட்டுகள் வேகமா வெட்டி வெட்டி டொராய்டு (வளைய வடிவ) ட்ரான்ஸ்பார்மருக்குக் குடுக்கும். அங்கிருந்துதான் பிளஸ் 30, மைனஸ் 30 மாதிரி ரயில் வோல்ட்டேஜ், அதாவது அவுட்புட் ட்ரான்சிஸ்டருக்கு வேண்டிய வோல்ட்டேஜ் வரும். சாதாரண ஆம்புகள்ல ஐஆர்எஃப் இசட்44 அல்லது 3205 இருக்கும். அதை ஓட்டுற ஐசி பெரும்பாலும் டிஎல்494.

முதல்ல ஃபியூஸ் இருக்குற இடத்துல 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒண்ணைத் தொடர்ல மாட்டுங்க. ரிமோட் குடுக்காம பல்பு முழுசா எரிஞ்சா ஷார்ட் உறுதி. அதுக்கு மேல ஒரு ஃபியூஸும் வீணாக்க வேண்டாம். இனி பேட்டரியைக் கழட்டிட்டு, மீட்டரை டயோடு மோடுல வச்சு மாஸ்ஃபெட்டோட நடுக்கால், கடைசிக்கால் ரெண்டிலயும் தொடுங்க. முனைகளை மாத்தியும் பாருங்க. ரெண்டு திசையிலயும் பீப் அடிச்சா ஷார்ட். ஆனா இங்கதான் நிறைய பேர் ஏமாறுதாங்க: ஒரு வரிசையில நாலு மாஸ்ஃபெட் இணையா நின்னா, ஒண்ணு போனாலும் நாலும் பீப் அடிக்கும். கழட்டித் தனித்தனியா பார்த்தாத்தான் ஆளு சிக்கும்.

போன ஒண்ணை மட்டும் மாத்தி விடாதீங்க. அந்த வரிசை முழுக்க ஒரே கம்பெனி, ஒரே நம்பர்ல புதுசு போடணும். மாஸ்ஃபெட்டோட முதல் காலுக்கு, அதாவது 'கேட்'டுக்குப் போற சின்ன ரெசிஸ்டரையும் அளங்க. நிறப்பட்டையில 47 ஓம்னு இருந்தா மீட்டரும் 47 கிட்ட காட்டணும். கருகியோ ஓப்பனாகியோ இருந்தா, அதுக்கு முன்னால நிக்குற டிரைவர் ட்ரான்சிஸ்டரையும் பாருங்க. அப்புறம் ட்ரான்ஸ்பார்மருக்கு அந்தப்பக்கம் இருக்குற ரெக்டிஃபையர் (ஏசியை டிசி ஆக்குற) டயோடு, அவுட்புட் ட்ரான்சிஸ்டர். மாஸ்ஃபெட்டைக் கொன்னது பெரும்பாலும் அந்தப்பக்கத்து ஷார்ட்தான். அதை விட்டுட்டு மாஸ்ஃபெட் மட்டும் மாத்தினா, புதுசும் அடுத்த நிமிஷமே போகும்.

மாஸ்ஃபெட் மாட்டுறதுக்கு முன்னால, பல்பு தொடர்ல இருக்க, ரிமோட் குடுத்து கேட் கால் இருக்கிற ஓட்டையில டிசி வோல்ட் அளந்து பாருங்க. டிஎல்494 ஐசியோட 14ஆம் கால்ல 5 வோல்ட் நிக்கணும். கேட் ரெண்டு வரிசையிலயும் ஏறக்குறைய ஒரே அளவு, பொதுவா 4, 5 வோல்ட் சுத்தி வரணும். ஒரு பக்கம் பூஜ்யம், அல்லது ஒரு பக்கம் அப்படியே 12 வோல்ட் நின்னா டிரைவர் கெட்டுக் கிடக்கு. மாஸ்ஃபெட்டைத் தொடாதீங்க.

குளச்சல்: வீடு கடலோரம். இடது சேனல் விட்டு விட்டு வருகு. ஆம்ப் மேல தட்டினா கொஞ்ச நேரம் பாடும்.

தட்டுறதை நிறுத்துங்க. உப்புக்காத்து பட்ட ஆம்பைத் திறந்தா டெர்மினல்லயும் ஆர்சிஏ சாக்கெட்லயும் பச்சை பூத்திருக்கும். உப்பு ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், அதனால துணியால துடைச்சா மட்டும் போதாது. ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல பழைய டூத் பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் காயவைங்க. அதுக்கு முன்னால ஒரு சோதனை: ஆம்புல இடது வலது ஆர்சிஏ பின்னை மாத்திக் குத்துங்க. கோளாறு வலது பக்கம் போனா ஸ்டீரியோ அல்லது கேபிள். இடத்தை விட்டு நகரலன்னா ஆம்ப் அல்லது ஸ்பீக்கர். ஆர்சிஏ சாக்கெட் கால்கள்ல ஈயத்தைச் சுத்தி மெல்லிசா ஒரு வளையம் மாதிரி விரிசல் தெரிஞ்சா அதுதான் ஆளு. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துட்டுப் புதுசா வைங்க.

தோவாளை: சார், பூ லோடு கொண்டு போற வேன். இன்ஜின் ஆன் பண்ணினா ஸ்பீக்கர்ல 'ஙீ'ன்னு ஒரு சத்தம், ஆக்சிலேட்டர் மிதிச்சா கூடுது. ஃபில்ட்டர் வாங்கினா சரியாகுமாம்மே?

அம்மா, ஃபில்ட்டர் வாங்க வேண்டாம், காசு மிஞ்சட்டும். ஆல்டர்னேட்டர் (இன்ஜினோட சுத்தி பேட்டரியைச் சார்ஜ் பண்ணுறது) சத்தம் உள்ளே ஏறுறதுக்குப் பெரும்பாலும் எர்த்தே காரணம். ஆம்பிலிருந்து பாடிக்குப் போற எர்த் ஒயர் அரை மீட்டருக்குள்ள இருக்கணும், முனையில பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்புல போல்ட் போட்டு இறுக்கியிருக்கணும். சீட் பெல்ட் போல்ட்டுல போட்டு வைக்காதீங்க, அது உயிர் காக்குற போல்ட்டு. பாட்டு ஓடும்போது ஆம்ப் எர்த் டெர்மினலுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையில மீட்டர் வைக்கச் சொல்லுங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் சரியில்லை.

எர்த் நல்லா இருந்தும் சத்தம் போகலையா? ஆஃப் பண்ணிட்டு ஆர்சிஏவை ஆம்பிலிருந்து உருவி, திரும்ப ஆன் பண்ணிப் பாருங்க. சத்தம் நின்னா அது ஆர்சிஏ வழியா வருது. கேபிள் பேட்டரி ஒயரோட சேர்ந்து போகாம வண்டியோட எதிர்ப்பக்கமா இழுத்திருக்கணும். சில ஸ்டீரியோவுல ஆர்சிஏ எர்த் லைன்ல கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கும். ஓடும்போது ஆர்சிஏவை உருவிக் குத்தினா அது போயிரும். ஸ்டீரியோ ஆர்சிஏ வெளிவளையத்துக்கும் ஸ்டீரியோ பாடிக்கும் இடையில ஓம் பார்த்தா பூஜ்யத்துக்குக் கிட்ட வரணும். வரலன்னா அதுதான்.

திங்கள்சந்தை: 1000 வாட்னு அட்டையில போட்டிருக்கு. ரெண்டு 4 ஓம் சப் ஊஃபரைச் சேத்து பிரிட்ஜ் (ரெண்டு சேனலை ஒண்ணாக்கி) பண்ணினேன். பத்து நிமிஷத்துல ஆஃப் ஆகி, ஆறின பிறகு திரும்ப வருது.

ஆம்ப் மேல இருக்குற ஃபியூஸைப் பாருங்க. ரெண்டு 10 ஆம்பியர்னா மொத்தம் 20. 14 வோல்ட்டோட பெருக்கினா உள்ளே போறதே 280 வாட். அதுல ஏபி கிளாஸ்ங்கிற வகை ஆம்ப் பாதிக்குச் சற்று மேலதான் ஸ்பீக்கருக்குக் குடுக்கும், மீதி சூடு. அட்டையில இருக்குற 1000 அட்டைக்கு மட்டும்தான். ரெண்டு 4 ஓம் இணையா போட்டா 2 ஓம். அதை பிரிட்ஜ் பண்ணினா ஒவ்வொரு சேனலும் 1 ஓமைச் சுமக்கும். பிரிட்ஜ்ல குறைஞ்சது 4 ஓம்னு புக்குல போட்டிருக்கும், பாருங்க. ரெண்டையும் தொடரா போட்டு 8 ஓம் ஆக்குங்க, சத்தம் கொஞ்சம் குறையும், ஆம்ப் வாழும்.

சின்னமுட்டம்: படகுல ரெண்டு பேட்டரி, 24 வோல்ட். ஒரு பேட்டரியில மட்டும் ஆம்ப் குடுத்தா போதும்லா?

போதாது. ஒண்ணு இறங்கிட்டே போகும், மத்தது ஓவர் சார்ஜ் ஆகும், கடைசியில ரெண்டும் போகும். 24 வோல்ட்டை 12 ஆக்குற, ஆம்போட ஃபியூஸ் அளவு ஆம்பியரைத் தாங்குற கன்வர்ட்டர் வாங்குங்க.

தக்கலை: மழைத்தண்ணி கார்ல புகுந்து சீட்டுக்கு அடியில இருந்த ஆம்ப் முங்கிட்டு. அரிசியில போட்டு வைக்கலாமா?

அரிசி சோறு பொங்க இருக்கட்டும். முதல்ல பேட்டரி மைனஸைக் கழட்டுங்க, ஆன் பண்ணிப் பார்க்கவே பார்க்காதீங்க. நனைஞ்சதால மட்டும் ஆம்ப் சாகாது, நனைஞ்சபடி கரண்ட் குடுத்தாத்தான் சாகும். திறந்து சகதியை நல்ல தண்ணியில கழுவி, அப்புறம் ஆல்கஹால்ல கழுவி, ஃபேனுக்கு முன்னால வைங்க. ட்ரான்ஸ்பார்மருக்கு அடியில ஈரம் கடைசி வரை நிக்கும். நம்ம மாவட்டத்துல ஜூன்லயும் மழை, அக்டோபர்லயும் மழை. அடுத்த தடவை ஆம்பைத் தரையில வைக்காம ஒரு பலகையில ஏத்தி வைங்க.

அஞ்சுகிராமம்: புது அவுட்புட் ட்ரான்சிஸ்டர் போட்ட அஞ்சாவது நிமிஷம் திரும்ப ஷார்ட். பார்ட்ஸ் டூப்ளிகேட்டா?

இருக்கலாம். 5200, 1943ங்கிற அவுட்புட் ட்ரான்சிஸ்டர் ஜோடியில போலி ஏராளம். ஆனா அதுக்கு முன்னால மைக்காவை, அதாவது ட்ரான்சிஸ்டருக்கும் சூட்டை வாங்குற ஹீட்சிங்குக்கும் இடையில வைக்கிற கரண்ட் கடத்தாத தகட்டைப் பாருங்க. பழசுல கிழிஞ்ச மைக்காவையே திரும்ப வச்சு மாட்டியிருந்தா, ட்ரான்சிஸ்டர் முதுகு ஹீட்சிங்கைத் தொடும். முதுகுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில பீப் அடிக்கவே கூடாது. கிளாம்ப் ஸ்க்ரூ இறுக்காம 'சும்மா டெஸ்ட்' பண்ணினாலும் இதே கதிதான்.

களியக்காவிளை: எல்லாம் மாத்தியாச்சு. ஸ்பீக்கரை எப்ப மாட்டலாம்?

குலசேகரத்துக்குச் சொன்ன அந்த 21 வாட் பல்பு தொடர்லயே இருக்கட்டும். ஆன் பண்ணும்போது லேசா மின்னி மங்கினா நல்லது. ஸ்பீக்கர் டெர்மினல் ரெண்டுக்கும் இடையில டிசி அளங்க, 50 மில்லி வோல்ட்டுக்குள்ள வரணும். 20, 30 வோல்ட் நின்னா ஸ்பீக்கர் காயில் எரியும். டி கிளாஸ்ங்கிற வகையில சில ஆம்புக்கு ஒவ்வொரு கம்பியிலயும் எர்த்தை வச்சுப் பார்த்தா பாதி வோல்ட் காட்டும், பயப்பட வேண்டாம், ரெண்டு கம்பிக்கு இடையில பார்த்தாப் போதும். அது சரின்னா முதல்ல ஒரு பழைய ஸ்பீக்கரை மாட்டி, குறைஞ்ச சத்தத்துல கால் மணி நேரம் ஓட விடுங்க. ஹீட்சிங்க் ஒரே சீரா சூடாகணும். ஒரு மூலை மட்டும் கொதிச்சா அந்த மூலையில நிக்குறவன் இன்னும் சரியாகலை. எல்லாம் ஒத்து வந்தா பல்பைக் கழட்டி, ஆம்புல அச்சடிச்ச அளவு ஃபியூஸையே போடுங்க.