பீ.எச்.ஐ. ஐயாவைக் கேளுங்கள்: ஓவர்டோஸ் எண்ணுவதற்கும் சம்பளமா?

(வன்னியில் நெடுங்காலம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போதைப்பொருள் பற்றியவை. கிணற்றுக்குக் குளோரின் போடுவது பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கேள்வி: என் தங்கச்சியின் மகன் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில், ஒரு கவுண்டியின் (நம்ம மாவட்டம்போல) சுகாதாரப் பகுதியில் வேலை செய்கிறான். போதையில் மூச்சடங்கி விழுந்தவர்களை எண்ணுவதுதான் வேலையாம். அதற்கு மத்திய அரசாங்கம் காசு கொடுக்கிறதாம். எண்ணுவதற்கு ஏன் இவ்வளவு காசு? அந்தக் காசில் நாலு பேரைக் குணப்படுத்தலாமே ஐயா?
*வாசகர், பரந்தன்*

மருமகன் உங்களுக்குக் கதை விடவில்லை. அங்கே சி.டி.சி. என்று ஒரு மத்திய அமைப்பு இருக்கிறது, நோய்த் தடுப்புக்குப் பொறுப்பானது. கொரோனாக் காலத்தில் பெயர் கேட்டிருப்பீர்கள். 2016 இல் சில மாநிலங்களுக்கு ஓவர்டோஸ், அதாவது போதை அளவு மீறி ஆள் விழுவதை, கணக்கெடுக்கக் காசு கொடுக்கத் தொடங்கினார்கள். 2019 இல் அதைப் பெருப்பித்து 'ஓவர்டோஸ் டேட்டா டு அக்சன்' என்று பெயர் வைத்தார்கள். அப்போது நேரடியாகக் காசு பெற்ற நகரங்களும் கவுண்டிகளும் 16. 2023 இல் உள்ளூருக்கென்றே தனிப் பிரிவு வைத்து அதை 40 ஆக்கினார்கள். 49 மாநிலங்களுக்கும் வாஷிங்டன் நகரத்துக்கும் கொடுக்கிற காசு இதற்குப் புறம்பு.

ஏன் இவ்வளவு பாடு? 2022 இல் அந்த நாட்டில் ஏறத்தாழ 108,000 பேர் ஓவர்டோஸில் செத்தார்கள். 2023 இல் 105,000. பெரும்பாலும் ஓபியொயிட், அதாவது அபின் வகை. ஹெரோயினை விட 50 மடங்கு வீரியமான பென்டனில் என்ற மருந்தைக் கள்ளமாகச் செய்து தூளிலும் குளிசையிலும் கலக்கிறார்கள். ஒரு ஊருக்குள் புதுக் கலவை வந்தால் அந்தக் கிழமையே நாலைந்து பேர் விழுவார்கள். பழைய முறையில் மரண சான்றிதழும் இரத்தப் பரிசோதனை முடிவும் வந்து சேர மாதக்கணக்காகும். அதற்குள் அந்தச் சரக்கும் முடிந்து, ஆட்களும் முடிந்துவிடுவார்கள்.

அதனால் ஆசுப்பத்திரி அவசரப் பிரிவில் யார் என்ன முறைப்பாட்டோடு வருகிறார்கள் என்பதை உடனுக்குடன் எடுக்கிறார்கள். 2017 இலிருந்து 'ஓடிமேப்' என்று ஒரு வரைபடமும் இருக்கிறது. அம்புலன்ஸ்காரரோ பொலிஸ்காரரோ சம்பவம் நடந்த இடத்தையும் நேரத்தையும் அதில் ஏற்றுவார். பெயர் இல்லை. வழமையைவிடக் கூடினால் சுகாதாரப் பகுதிக்கு எச்சரிக்கை போகும்.

இது நமக்குத் தெரியாத வித்தை இல்லை. டெங்கு என்று சந்தேகித்தாலே வைத்தியசாலை எச் 544 படிவத்தை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்பும். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருப்பதில்லை. படிவம் மேசைக்கு வந்ததும் பீ.எச்.ஐ. மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகிறார், சுற்றியுள்ள வீடுகளையும் பார்க்கிறார். 2009 இல் செட்டிகுளம் முகாமில் செங்கண்மாரி பரவியபோது நாங்கள் கூடாரம் கூடாரமாகத்தான் எண்ணினோம். எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கத்துத் தண்ணீர்த் தாங்கியை முதலில் பார்த்தோம். எண்ணாமல் இருந்திருந்தால் முகாம் முழுக்க ஓடித் திரிந்து களைத்ததுதான் மிச்சம்.

நாலு பேரைக் குணப்படுத்தலாமே என்ற கேள்வி நியாயம்தான். அந்தக் காசு எண்ணுவதற்கு மட்டுமல்ல. விழுந்து பிழைத்தவரைத் தேடிப்பிடித்து, கையோடு கூட்டிப்போய்ச் சிகிச்சையில் சேர்க்கிற ஆட்களுக்கும் அதிலிருந்துதான் சம்பளம். 2024 இல் மரணம் ஏறத்தாழ 80,000 ஆகக் குறைந்தது. இந்த எண்ணிக்கையால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்லமாட்டேன், காரணம் பல. அடுத்த வருடமே, 2025 இல், இந்தக் காசில் பாதியைப் பிந்தித்தான் தருவார்கள் என்ற செய்தி வந்து அங்குள்ள சுகாதாரப் பகுதிகள் கலங்கிப்போயின. சாவு குறைந்தவுடன் காசில் கைவைக்கப் பார்ப்பது எந்த நாட்டுக் கச்சேரிக்கும் பொதுவான குணம்போல.

கேள்வி: நான் ஆசிரியை. எங்கள் பக்கத்தில் இப்படி யாராவது எண்ணுகிறார்களா?
*வாசகி, புதுக்குடியிருப்பு*

எண்ணுகிறார்கள், வேறு வேறு விஷயங்களை. எத்தனை பேரைப் பிடித்தார்கள், எத்தனை கிலோ அகப்பட்டது என்பது பொலிஸ் கணக்கு. எத்தனை பேர் சிகிச்சைக்கு வந்தார்கள் என்பதைத் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை தொகுத்துப் புத்தகமாகப் போடுகிறது. ஆனால் ஒரு பெடியன் இரவில் மூச்சுத்திணறி, வீட்டுக்காரர் தண்ணீர் தெளித்து, விடிய எழும்பிவிட்டான் என்றால் அவன் எந்தக் கணக்கிலும் இல்லை. செத்தால் திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார், சட்ட வைத்திய அதிகாரியிடம் போகும், மாதிரிகள் கொழும்புக்கு அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்துக்குப் போகும். முடிவு வரும்போது முப்பத்தொன்று, அந்தியேட்டி எல்லாம் முடிந்திருக்கும். "மாரடைப்பு எண்டு எழுதிவிடுங்கோ, தங்கச்சிக்குக் கலியாணம் பேசிறம்" என்று தகப்பன்மார் கையைப் பிடித்ததை நான் கண்டிருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன். டெங்குப் பரிசோதனைக்கு ஒரு வளவுக்குள் போயிருந்தேன். வீட்டின் பின்பக்கம் கோழிக்கூட்டோடு ஒட்டிப் பழைய டயர், சிரட்டை, யோகட் கோப்பை. கோப்பையைக் கவிழ்க்கக் குனிந்தால் அடியில் ஈயத்தாள் துண்டுகள், விரல் நீளத்துக்கு அளவாக வெட்டினவை. நடுவில் மண்ணிறக் கோடு எரிந்து ஓடியிருந்தது. பக்கத்தில் குழாய்போலச் சுருட்டிய இருபது ரூபாய்த் தாள். தாய் பின்னால் நின்று, "சின்னவன் சொக்லேட் திண்ட தாள் ஐயா" என்றார். சின்னவனுக்கு அப்போது வயது இருபதுக்கு மேல். எனது படிவத்தில் நுளம்புக் குடம்பி இருக்கிறதா, இல்லையா என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. குடம்பி இல்லை என்று எழுதிவிட்டு வந்தேன். அந்தத் தாளை எழுத அரசாங்கம் எனக்கு ஒரு கட்டம் தந்திருக்கவில்லை.

இலங்கையில் ஹெரோயின் எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஊசி ஏற்றுவதில்லை, இப்படிச் சூடாக்கிப் புகையை இழுக்கிறார்கள். அதனால் ஊசி ஏற்றுகிற நாடுகளைப்போல ஓவர்டோஸ் சாவு மலிந்து கிடப்பதில்லை. ஆனால் அதோடு சாராயமும் நித்திரைக் குளிசையும் சேர்ந்தால் அந்த நிம்மதிக்கும் இடமில்லை.

கேள்வி: என் மகன் புனர்வாழ்வு நிலையத்திலிருந்து போன மாதம் வந்தான். நல்லாயிருக்கிறான், வயலுக்கும் போகிறான். இனிப் பயமில்லைத்தானே ஐயா?
*ஒரு தாய், மல்லாவி*

அம்மா, சந்தோசம். ஆனால் இந்த மாதங்களில்தான் கண் வைத்திருக்க வேண்டும். நிறுத்தி இருந்த காலத்தில் உடம்பு அந்தத் தூளின் பழக்கத்தை மறந்துவிடும். பழைய கூட்டாளி வந்து, "ஒருக்கா மட்டும்" என்று பழைய அளவையே கொடுத்தால், முன்பு தாங்கிய உடம்பு இப்போது தாங்காது. சிறையிலிருந்தோ நிலையத்திலிருந்தோ வெளியே வந்த முதல் கிழமைகளில் சாவு கூட என்பது பல நாடுகளில் கண்டறிந்த உண்மை. மகனுக்கும் இதை நேராகச் சொல்லுங்கள். சொன்னால் ஆசை வந்துவிடும் என்று பயப்படாதீர்கள்.

ஓவர்டோஸின் அடையாளம் மூன்று. தட்டி, உலுக்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் எழும்பமாட்டான். மூச்சு விட்டு விட்டு வரும், அல்லது தொண்டைக்குள் கொறகொறவென்று இழுக்கும். கண்மணி குண்டூசித் தலைபோலச் சிறுத்திருக்கும். உதடும் நகமும் நீலம் பாய்ந்தால் ஒரு நிமிடமும் மினக்கெடக்கூடாது. "நல்லாக் குறட்டை விடுறான், படுக்கட்டும்" என்று விட்டுப்போனால் விடியும்போது பிள்ளை இருக்கமாட்டான்.

உடனே 1990 இற்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். தேசிக்காய்ப் புளி, மோர், உப்புத்தண்ணீர் எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம், அது நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றால் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து செக்கனுக்கு ஒருக்கால் ஊதுங்கள். நாடித்துடிப்பும் இல்லையென்றால் நெஞ்சை அழுத்த வேண்டும், எப்படி என்று 1990 இல் பேசுகிறவரிடமே கேளுங்கள், போனை வைத்துவிடாதீர்கள். என்ன எடுத்தான் என்று தெரிந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நலொக்சோன் என்று ஒரு மாற்று மருந்து இருக்கிறது. ஓபியொயிட்டால் அடங்கிய மூச்சை அது சில நிமிடங்களில் திருப்பும். அமெரிக்காவில் 2023 இலிருந்து அதை மூக்கில் அடிக்கும் மருந்தாக வைத்தியர் துண்டு இல்லாமலே கடையில் வாங்கலாம். நம்மிடம் அதற்கு ஆசுப்பத்திரிதான். அதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் தேய்ந்துவிடும், தூளின் வேலை அதற்குப் பிறகும் நிற்கலாம். அதனால் எழும்பி இருந்து தேத்தண்ணி கேட்டாலும் வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள்.

உங்கள் பக்கத்து உள்வீதிகள் எனக்குத் தெரியும். ஒழுங்கைக்குப் பெயர்ப் பலகை இல்லை, இரவில் அம்புலன்ஸ்காரர் வாய்க்கால் பாலத்தில் நின்று தடுமாறுவார். பிரதான வீதியில் எந்தக் கடை, எந்தக் கோயில், அங்கிருந்து எந்தப் பக்கம் என்பதை இன்றைக்கே ஒரு மட்டையில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். பதற்றத்தில் வாசித்துச் சொன்னால் போதும். ஒரு பெடியனை டோர்ச்சோடு சந்திக்கு அனுப்புங்கள். மகன் மறுபடி தடுமாறுகிறான் என்று தெரிந்தால் 1927 இற்கு எடுத்து ஆலோசனை கேட்கலாம், அது மேலே சொன்ன சபையின் இலக்கம்.

கேள்வி: இப்ப எங்கட பக்கம் ஐஸ்தான் கூட. ஓபியொயிட் பற்றி ஏன் கதைக்கிறீர்கள்?
*வாசகர், ஒட்டுசுட்டான்*

சரி, ஐஸ், அதாவது மெதம்பெட்டமின், ஓபியொயிட் இல்லை. அது ஆளை அடக்காது, முறுக்கும். உடம்பு கொதிக்கும், நெஞ்சு படபடக்கும், வலிப்பு வரலாம். நலொக்சோன் அதற்கு வேலை செய்யாது. ஆனால் எந்த வாகனத்துக்கு எடுப்பது என்பதில் மாற்றமில்லை, அதே 1990. அமெரிக்காவின் கணக்கிலும் ஐஸ், கொக்கெய்ன் எல்லாம் சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள்.

கேள்வி: எங்கள் மாதர் சங்கத்தில் ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறோம். ஊரில் யார் யார் தூள் பாவிக்கிறார்கள் என்று வீடு வீடாகப் பெயர்ப் பட்டியல் எடுத்துப் பொலிசுக்கும் கிராம அலுவலருக்கும் கொடுக்கப்போகிறோம். படிவம் எப்படி அமைக்கலாம்?
*செயலாளர், விசுவமடு*

தங்கச்சி, முதலில் அந்தத் தீர்மானத்தை ஒத்திப்போடுங்கள். பட்டியல் எடுக்கத் தொடங்கிய அன்றே ஊர் வாயை மூடிவிடும். நம் ஆட்களுக்குப் பட்டியல் என்றால் என்ன என்று நான் சொல்லித் தரவேண்டியதில்லை. பிறகு ஒருவன் விழுந்தால் 1990 இற்கு எடுக்கவே பயப்படுவார்கள். அமெரிக்காவில் இந்தப் பயத்தைக் கண்டுதான், உதவிக்கு அழைப்பவரைப் போதைப்பொருள் வைத்திருந்த குற்றத்திலிருந்து ஓரளவு காக்கும் சட்டத்தைப் பெரும்பாலான மாநிலங்களில் போட்டார்கள். விற்கிறவனைப் பற்றிப் பொலிசுக்குச் சொல்வது வேறு கதை, அதைத் தாராளமாகச் செய்யுங்கள். விழுந்தவனின் கணக்குச் சுகாதாரப் பக்கம்தான் இருக்க வேண்டும்.

எண்ணத்தான் வேண்டும் என்றால் ஆளை விட்டுவிட்டுச் சம்பவத்தை எண்ணுங்கள். ஒரு கொப்பி போதும். திகதி, நேரம், கிராம அலுவலர் பிரிவு (வீட்டு இலக்கம் வேண்டாம்), ஆணா பெண்ணா, வயது முப்பதுக்கு மேலா கீழா, என்ன எடுத்ததாகச் சொன்னார்கள், அண்மையில் சிறையிலோ நிலையத்திலோ இருந்து வந்தவரா, அம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வந்தது, ஆள் பிழைத்தாரா. பெயர் எழுதும் இடமே இல்லாமல் கோடு போடுங்கள். இடம் இருந்தால் யாராவது நிரப்பிவிடுவார்கள், அது கையின் பழக்கம்.

அப்புறம், அந்தக் கொப்பியைச் சங்கக் கூட்டத்தில் வாசிக்கவும் கூடாது. அறுபது வீட்டு ஊரில் "செவ்வாய் இரவு, ஆண், முப்பதுக்குக் கீழ்" என்றாலே யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். சி.டி.சி. தன் பொது மரணக் கணக்கில் பத்துக்குக் குறைந்த எண்ணிக்கையைக் காட்டாமல் மறைப்பது இதற்காகத்தான். கிழமை முடிவில் கடித உறைக்குள் வைத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கொடுங்கள். அங்கே ஐந்தாறு ஊர்க் கணக்கு சேர்ந்தால்தான் எந்தப் பக்கம் கூடுகிறது என்று தெரியவரும், ஆளும் தெரியவராது.

காசு கேட்க வேண்டுமென்றால் பிரதேச செயலாளருக்குக் கடிதம் எழுதுங்கள். கருத்தரங்குக்கும் பதாகைக்கும் கேட்காதீர்கள், அதற்கு எப்போதும் கிடைக்கும். பணிமனையில் ஒருவர் இந்தக் கணக்கைக் கிழமைதோறும் பார்க்கவும், பிழைத்தவரின் வீட்டுக்கு ஓர் ஆலோசகர் போய்வரவும் பெற்றோல் செலவோடு கேளுங்கள். பிரதியைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கும் போடுங்கள். உங்கள் கைப்பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம்.