போலீஸ், ராணுவம் அத்துமீறல்: உள்ளூர்ல எல்லா கதவும் மூடிட்டா எங்க போறது? (கேள்வி பதில்)

சர்வதேச அமைப்புகளுக்கு மனு தயார் பண்ற வேலையில ரொம்ப வருஷமா இருக்கேன், கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன். ஒண்ணு மட்டும், உங்க கேஸ்ல உள்ளவங்க பேரு, ஊரு எதையும் இங்க போடாதீங்க, யார் யார் படிக்கிறாங்கன்னு நமக்குத் தெரியாது.

கேள்வி: அண்ணா, ஸ்டேஷன்ல புகாரே வாங்க மாட்டேங்குறாங்க. நேரா ஐநாவுக்கு எழுதிடலாமா?

ஐநான்னா ஒரே ஆபீஸ் இல்லைங்க. தனிநபர் மனுவ விசாரிச்சு கருத்து சொல்ற மனித உரிமைக் குழுவுக்குப் போகணும்னா, அதுக்கான விருப்ப நெறிமுறைல (விரும்புற நாடுகள் மட்டும் சேர்ற தனி ஒப்பந்தம்) உங்க நாடு சேர்ந்திருக்கணும், உள்ளூர் வழி எல்லாத்தையும் முயற்சி பண்ணி முடிச்சிருக்கணும். சிறப்பு அறிக்கையாளர்களுக்கு (ஒவ்வொரு உரிமைப் பிரச்சனைக்கும் ஐநா நியமிக்கிற தனி நிபுணர்கள்) எழுத இந்த ரெண்டும் வேண்டாம், அவங்க அரசாங்கத்துக்கிட்ட விளக்கம் கேட்டு கடிதம் போடுவாங்க, தீர்ப்பெல்லாம் சொல்ல மாட்டாங்க.

எதுக்குப் போனாலும் பேப்பர் வேணும். கையில குடுத்து வாங்கலையா, மேலதிகாரிக்கு பதிவுத் தபால்ல அனுப்புங்க. கவர் திரும்பி வந்தா பிரிக்காதீங்க, தேதி முத்திரையோட "வாங்க மறுத்தார்"னு எழுதியிருந்தா அத அப்படியே பத்திரமா வைங்க. நாளைக்கு அரசு வக்கீல் "இவங்க எங்ககிட்ட வரவே இல்ல"ன்னு சொல்லுவாரு, பெரும்பாலும் இதுதான் அவங்க முதல் வாதம், அப்ப அந்தக் கவர்தான் பேசும்.

கேள்வி: வருஷக்கணக்கா வாய்தா மேல வாய்தா. முடியாத கேஸ எப்படி "முடிஞ்சது"ன்னு காட்டுறது?

காட்ட வேண்டாம். நியாயமே இல்லாம இழுத்தடிச்சா, உள்ளூர் வழி முடிஞ்சிருக்கணும்ங்கற நிபந்தனை பொருந்தாதுன்னு அதே விருப்ப நெறிமுறைலயே இருக்கு. ஒவ்வொரு வாய்தாவோட தேதியும் யார் கேட்டாங்க, ஏன் கேட்டாங்கன்னும் எழுதி வைங்க, நீங்களே கேட்ட வாய்தா கணக்குல வராது.

பேருக்கு இருக்குற வழியும் வழி இல்ல. ஹோண்டுராஸ்ல 1981ல வெலாஸ்கஸ்னு ஒரு மாணவர பிடிச்சிட்டுப் போனாங்க, ஆள் திரும்பல. குடும்பம் ஆட்கொணர்வு மனு போட்டுச்சு, ஆனா அங்க எந்த இடத்துல எந்த அதிகாரி பிடிச்சு வெச்சிருக்காருன்னு மனுவுல சொல்லணும், ரகசியமா தூக்கிட்டுப் போனவர் எங்க இருக்காருன்னு குடும்பத்துக்கு எப்படிங்க தெரியும்? இப்படிப்பட்ட மனுவால அவர கண்டுபிடிக்க முடியாதுன்னு 1988ல அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் சொல்லிட்டு, அரசுதான் பொறுப்புன்னு தீர்ப்பு குடுத்துச்சு. ஆனா "எப்படியும் நடக்காதுன்னு தோணுச்சு, அதான் போகல"ன்னு சொன்னா எந்த அமைப்பும் ஏத்துக்காது.

கேள்வி: டைம் லிமிட் இருக்கா?

இருக்கு, இடத்துக்கு இடம் வேற. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு கடைசி உள்ளூர் தீர்ப்புல இருந்து 4 மாசம் (2022 பிப்ரவரிக்கு முன்னாடி 6). அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை ஆணையத்துக்கு 6 மாசம். மனித உரிமைக் குழுவுல கறாரான கெடு கிடையாது, ஆனா உள்ளூர் வழி முடிஞ்சு 5 வருஷம் தாண்டுனா நிராகரிக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: தம்பிய கூட்டிட்டுப் போய் ரெண்டு வாரம் ஆச்சு, எங்ககிட்ட ஆள் இல்லன்னு சொல்றாங்க. கேஸ் முடியற வரைக்கும் காத்திருக்கணுமா சார்?

வேண்டாம்மா, இன்னைக்கே எழுதுங்க. வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோருக்கான ஐநா செயற்குழு 1980ல இருந்து இருக்கு, உள்ளூர் வழி முடிஞ்சிருக்கணும்னு கேக்க மாட்டாங்க. 3 மாசத்துக்குள்ள நடந்ததுன்னா அவசர நடைமுறைல அரசாங்கத்துக்கிட்ட கேப்பாங்க. கடைசியா எங்க, எத்தன மணிக்குப் பாத்தாங்க, யூனிஃபார்மா சாதா உடையா, என்ன வண்டி, இதெல்லாம் மறக்குறதுக்குள்ள எழுதுங்க. உள்ளூர் ஆட்கொணர்வு மனுவையும் கூடவே போடுங்க.

கேள்வி: அடிச்ச காயம் ஆறிப்போச்சு. இனி என்ன ஆதாரம்?

தழும்பு இருக்குல்ல? இல்லாட்டியும் பரவால்ல, மனசுல உள்ள பாதிப்பும் ஆதாரம்தான். இஸ்தான்புல் நெறிமுறை (சித்திரவதைய எப்படி விசாரிச்சு பதிவு பண்ணணும்னு சொல்ற ஐநா கையேடு, 1999ல வந்தது, 2022ல புதுப்பிச்சாங்க) தெரிஞ்ச டாக்டர தேடுங்க. உடம்புப் படத்துல ஒவ்வொரு தழும்பையும் குறிச்சு, பக்கத்துல அளவுகோல் வெச்சு போட்டோ எடுத்து, நீங்க சொல்ற சம்பவத்தோட அது எந்த அளவுக்கு ஒத்துப்போகுதுன்னு எழுதுவாரு. "பழைய காயம்"னு ரெண்டு வார்த்தை எழுதுற சர்டிஃபிகேட்டால பிரயோஜனம் இல்ல.

கேள்வி: சரி, ஐநா நம்ம பக்கம் சொன்னாலும் அரசாங்கம் கண்டுக்கலன்னா?

நிறைய நேரம் கண்டுக்கறதில்ல, மறைக்க மாட்டேன். குழுவோட கருத்த அமல்படுத்த போலீஸ் வராது. ஆனா அந்தப் பேப்பர் வேற எங்கயாவது உதவும். சாட் நாட்டு முன்னாள் அதிபர் ஹாப்ரே 1990ல செனகலுக்கு ஓடினாரு, அவரோட ஆட்சியில சித்திரவதைக்கு ஆளானவங்க விடாம பின்னாடியே போய் 2016ல அதே செனகல்ல ஆயுள் தண்டனை வாங்கிக் குடுத்தாங்க. சிரியா உளவுத்துறையில இருந்த அன்வர் ரஸ்லானுக்கு 2022 ஜனவரில ஜெர்மனியோட கோப்ளென்ஸ் நீதிமன்றம் ஆயுள் குடுத்துச்சு, தப்பிச்சு வந்தவங்களே நேர்ல சாட்சி சொன்னாங்க. அதனால அடிச்ச அதிகாரி வெளிநாடு போனாருன்னு கேள்விப்பட்டா அந்த ஊர் வக்கீல்கிட்ட உடனே பேசுங்க.

கேள்வி: பேர் சொல்லாம போடலாமா? வக்கீல் இல்லாம முடியுமா?

மனித உரிமைக் குழுவுல மொட்டை மனு எடுக்க மாட்டாங்க. ஆனா வெளியிடும்போது பேர மறைக்கச் சொல்லி கேக்கலாம், மனுவோட முதல் பக்கத்துலயே கேட்டுருங்க. அரசாங்கத்துக்கு மட்டும் பேர் தெரியும், மனுவுக்குப் பதில் சொல்லணும்ல, அந்த ஆபத்த வீட்ல பேசி முடிவு பண்ணிட்டு இறங்குங்க. வக்கீல் கட்டாயமில்ல, ஃபீஸும் கிடையாது, இங்கிலீஷ்ல எழுதினா போதும். ஒரே விஷயத்த ஐரோப்பிய நீதிமன்றத்துலயும் மனித உரிமைக் குழுவுலயும் ஒரே நேரத்துல மட்டும் போட்டுடாதீங்க, தள்ளிடுவாங்க.