உங்கள் வாயு மூலை, பின்வீட்டுக்காரரின் ஈசானிய மூலை

கேள்வி: கிருஷ்ணகிரியை ஒட்டிய ஒரு லேஅவுட்டில் 40-க்கு 60 மனையில் வீடு கட்டுகிறோம். கிழக்குப் பார்த்த மனை, வீட்டில் 6 பேர். ஈசானிய மூலையில் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டாகிவிட்டது. செப்டிக் டேங்குக்கு வாயு மூலையில் 10 அடிக்கு சிமெண்ட் உறை இறக்கி, அடியில் கான்கிரீட் போடாமல் விட்டால் ஆயுசுக்கும் நிரம்பாது என்கிறார் மேஸ்திரி. 5 அடியிலேயே பாறை வந்துவிட்டது. கம்ப்ரசர் வைத்து உடைக்கலாம் என்கிறார். பின்வீட்டுக்காரர் போர் அங்கிருந்து 25 அடி தள்ளி இருக்கிறது. செய்யலாமா?

பதில்: வேண்டாம். கம்ப்ரசர்காரர் வந்திருந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

'நிரம்பாத டேங்க்' என்பதை நம் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். பாலக்கோடு பக்கம் ஒரு வீட்டில் 15 வருஷமாகக் கழிவு உறிஞ்சும் லாரியே கூப்பிட்டதில்லை என்று பெரியவர் ஒருவர் சொன்னார். மூடியைத் திறந்து பார்த்தால் அடித்தளமே இல்லை, பாறையில் கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அந்த வீட்டுப் போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம், கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமி இருப்பதாக முடிவு வந்தது. 15 வருஷமாக டேங்க் ஏன் நிரம்பவில்லை என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை.

ஒழுங்காக வேலை செய்யும் டேங்க் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். உள்ளே எவ்வளவு தண்ணீர் வருகிறதோ, மறுமுனையில் அவ்வளவும் வெளியே போகும். கனமானது அடியில் சகதியாகப் படியும், எண்ணெயும் நுரையும் மேலே ஏடு கட்டும், நடுவில் ஓரளவு தெளிந்த நீர் மட்டும் வெளியேறும். அந்த நீரிலும் கிருமி ஏராளம். அதை வடிகட்டுவது டேங்குக்கு அப்புறம் இருக்கும் மண்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பெரும்பாலான இடங்களில் மேலே சில அடி செம்மண், கீழே கடினப் பாறை. பாறை வெடிப்பு எதையும் வடிகட்டாது, வாய்க்கால் மாதிரி இழுத்துக்கொண்டு போகும். பாறையை உடைத்து உறை இறக்கினால், வடிகட்டும் மண்ணைத் தாண்டி, கழிவை நேராக வாய்க்காலில் விடுவதாகத்தான் அர்த்தம்.

இனி மூலைக் கணக்கு. நம் ஊரில் எல்லோரும் ஈசானியத்தில், அதாவது வடகிழக்கில் போர் போடுகிறோம்; வாயு மூலையான வடமேற்கில் செப்டிக் டேங்க் தோண்டுகிறோம். வரிசையாக மனைகள் இருக்கும் லேஅவுட்டில் உங்கள் வடமேற்கு மூலையைத் தொட்டுக்கொண்டிருப்பது மேற்கு மனையின் வடகிழக்கு மூலை. எல்லோரும் வாஸ்து பார்த்தால் ஒவ்வொருவர் கழிவும் பின்வீட்டுக்காரர் போருக்குப் பக்கத்தில்தான் இறங்கும். மேஸ்திரி உங்கள் போரிலிருந்து அளந்திருப்பார், ஏறக்குறைய 55 அடி வந்திருக்கும். அடுத்தவர் போரை யார் அளப்பது?

கழிவுநீரை மண்ணில் விடும் இடம் குடிநீர் ஆதாரத்திலிருந்து 18 மீட்டராவது, அதாவது 60 அடி தள்ளி இருக்க வேண்டும் என்கிறது செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2470. வீட்டிலிருந்து 6 மீட்டர். 30-க்கு 40 மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடிதான், அங்கே போரும் உறிஞ்சுகுழியும் விதிப்படி சேர்ந்து இருக்க வழியே இல்லை. உங்களுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. வெடிப்புப் பாறையில் 60 அடியும் உத்தரவாதம் ஆகாது. ஆனால் கழிவு மண்ணோடு நின்றுவிட்டால் பயம் பெருமளவு குறையும்.

டேங்கும் உறிஞ்சும் இடமும் ஒட்டி இருக்க வேண்டியதில்லை. இதுதான் உங்களுக்கு வழி. டேங்க் வாயு மூலையிலேயே இருக்கட்டும், வீட்டுப் பெரியவர்களுக்கும் சமாதானம். ஆனால் அடி, சுவர் எல்லாம் கான்கிரீட்டும் பூச்சுமாகத் தண்ணீர் கசியாத தொட்டியாக இருக்க வேண்டும். ஆழத்துக்குப் பதிலாக நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: உள்ளளவு 8 அடி நீளம், 3 அடி அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் மூன்றரை அடி, அதற்கு மேல் 1 அடி காலியிடம். ஏறக்குறைய 2,300 லிட்டர், 6 பேர் கழிப்பறைக்குத் தாராளம். அடித்தளக் கான்கிரீட்டோடு சேர்த்தும் 5 அடியில் முடிந்துவிடும், பாறையைத் தொடவே வேண்டாம். மேல் ஸ்லாப் தரையைவிடக் கொஞ்சம் உயரட்டும், மழைத் தண்ணீர் இறங்காது.

உள்ளே ஒரு குறுக்குச் சுவர்: முதல் அறை மூன்றில் இரண்டு பங்கு. நீர்மட்டத்துக்கு 1 அடி கீழே அந்தச் சுவரில் துளை. நுழைவுக் குழாயின் அடிமட்டத்தைவிட வெளியேறும் குழாய் 2 அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். இரண்டிலும் T வடிவ இணைப்பான 'டீ' மாட்டி அதன் கீழ்க்காலைத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். 'எல்போ போதும் சார்' என்பார்கள், விடாதீர்கள். அந்த டீ இல்லாவிட்டால் மேலே மிதக்கும் ஏடு, கழிவுநீரை மண்ணில் விடும் பாத்திக்கு நேராகப் போய் அடைத்துக்கொள்ளும். நான் பார்த்த அடைப்புகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு சாமான் இல்லாததால் வந்தவை. வீட்டிலிருந்து வரும் 4 இன்ச் குழாய்க்கு 10 அடிக்கு 2 முதல் 3 அங்குலம் வாட்டம் (சரிவு) போதும். ஒவ்வொரு அறைக்கும் ஒரு மூடி, கூரைக்கு மேல் போகும் வென்ட் பைப், அதன் வாயில் கொசுவலை.

சமையலறை, குளியல் தண்ணீரை இந்த டேங்கில் விடாதீர்கள். ஃப்ளோரைடுக்குப் பயந்து நம் ஊரில் பல வீடுகளில் ஆர்.ஓ. இருக்கிறது, அதன் கழிவும் வேண்டாம். இவை சேர்ந்தால் சகதி படிய நேரம் கிடைக்காமல் கலங்கியபடியே வெளியேறும். தனிக்குழாய் போட்டு, குளியல் தண்ணீரை வாழைக்கு விடுங்கள்.

டேங்கிலிருந்து வரும் நீருக்கு அடுத்து ஒரு ஜல்லித் தொட்டி கட்டுங்கள். டேங்கின் கொள்ளளவில் பாதி, இதுவும் கசியாமல். தண்ணீர் அடியில் நுழைந்து முக்கால் இன்ச் ஜல்லி வழியாக மேலேறி வெளியே வரும். அங்கிருந்து குழாயில் கொல்லைப்புறத்தின் தென்பாதிக்குக் கொண்டுபோங்கள். 2 அடி அகலம், 2 அடி ஆழம், 16 அடி நீளத்தில் இரண்டு வாய்க்கால், இடையே 6 அடி. ஜல்லி நிரப்பி, துளையிட்ட குழாய் வைத்து, மேலே மண் மூடி கல்வாழை வையுங்கள். அதன் நடுவிலிருந்து அளந்தால் பின்வீட்டுப் போர் 40 அடிக்குப் போய்விடும், உங்கள் போர் 55 அடிக்கும் சற்று மேல். 60 இல்லைதான். ஆனால் வாய்க்காலுக்குக் கீழே பாறை வரை 3 அடி மண் இருக்கிறது, மேஸ்திரி சொன்ன முறையில் ஒரு சாண்கூட இருந்திருக்காது. கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், பள்ளம் தோண்டலாமா என்று வீட்டில் கேட்டால், இது பள்ளமில்லை, பூப்பாத்தி என்று சொல்லிவிடுங்கள்.

இதெல்லாம் உங்கள் மண் உறிஞ்சினால்தான். பாத்தி வரும் இடத்தில் 1 அடி அகலம், 2 அடி ஆழத்துக்குக் குழி எடுங்கள். கடப்பாரை வழவழப்பாக்கிய பக்கங்களை ஆணியால் கீறிவிட்டு, அடியில் 2 அங்குலம் ஜல்லி போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிற்கவிடுங்கள். மறுநாள் ஜல்லிக்கு மேல் 6 அங்குலம் தண்ணீர் வைத்து அரைமணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 1 அங்குலம் இறங்க 30 நிமிடத்துக்குள் என்றால் நல்ல மண். 60-ஐத் தாண்டினால் அந்த இடத்தில் மண்ணில் விடும் யோசனையே கூடாது.

டேங்க் பூசி முடிந்ததும் மேஸ்திரிக்குக் கடைசித் தவணை கொடுப்பதற்கு முன் தண்ணீர் நிரப்பி கோடு போடுங்கள். முதல் நாள் பூச்சு கொஞ்சம் குடிக்கும். மறுபடி நிரப்பி, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தண்ணீர் கோட்டிலேயே நின்றால் பணம். அந்தத் தண்ணீரை இறைக்காமல் அப்படியே விட்டுப் புழங்கத் தொடங்கலாம். இரண்டு சட்டி மக்கிய சாணம் கரைத்து விட்டால் போதும், பாக்கெட்டில் விற்கும் பவுடர் எதுவும் தேவையில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து, நீளக் கழியில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றி அடிவரை இறக்கி, சில நிமிடம் வைத்து எடுங்கள். துண்டில் கறுப்பு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறதோ அதுதான் சகதி. 14 அங்குலத்தைத் தொட்டால் லாரி கூப்பிடுங்கள், சாதாரணமாக 2, 3 வருஷத்தில் வரும். திறந்த மூடிக்குப் பக்கத்தில் பீடி, தீப்பெட்டி எதுவும் வேண்டாம். யாரையும் உள்ளே இறக்காதீர்கள், 'ஒரு நிமிஷம்தான் சார்' என்று அவரே சொன்னாலும். உள்ளே இருக்கும் வாயு முகர்ந்து எச்சரிக்கை ஆகும் முன்பே ஆளைச் சாய்த்துவிடும். மனிதரைக் கழிவகற்ற இறக்குவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் தடவைக்கே 2 வருஷம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அது இறக்கச் சொன்னவருக்குத்தான். லாரிக்கு 14420-ஐக் கூப்பிடலாம்.

உங்கள் போர் தண்ணீரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஃப்ளோரைடு மட்டும் பார்க்காமல் கோலிஃபார்ம், நைட்ரேட் இரண்டையும் கேளுங்கள். நைட்ரேட் காய்ச்சினால் போகாது, வற்ற வற்றக் கூடத்தான் செய்யும்.

குழியில் 1 அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதி அனுப்புங்கள். 16 அடி நீளம் போதுமா, கூட்ட வேண்டுமா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். அதுவரை கொல்லையில் மணல், கம்பி எதையும் இறக்காதீர்கள். லாரி ஏறி இறுகிய மண் தண்ணீர் குடிக்காது.