மறுக்கப்பட்ட மருத்துவக் காப்புறுதிக்கு மேல்முறையீடு: கேள்வி பதில்

கோலாலம்பூரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவில் 22 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மறுப்புக் கடிதங்களை எழுதியும் இருக்கிறேன், அவற்றுக்கு வந்த மேல்முறையீடுகளைப் படித்தும் இருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்தே இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): என் கணவரின் இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைக்க 38,000 ரிங்கிட் ஆயிற்று. 2019இல் அரசாங்கக் கிளினிக்கில் இரத்தக் கொதிப்பு என்று பதிவாகியிருந்ததை 2021இல் பாலிசி எடுத்தபோது மறைத்துவிட்டார் என்று நிறுவனம் மறுத்துவிட்டது. பாரத்தை நிரப்பியவர் முகவர். இவர் கையொப்பம் மட்டுமே இட்டார். இனி ஏதாவது செய்ய முடியுமா, ஐயா?

பதில்: முடியும், அம்மா. முதலில் மறுப்புக் கடிதத்தை எடுத்து, எந்த விதியைச் சுட்டி மறுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 'தகவலை மறைத்தார்' என்பதும் 'பாலிசிக்கு முன்பே இருந்த நோய்' என்பதும் ஒன்றல்ல. முதலாவது, பாலிசியையே செல்லாததாக்கும் குற்றச்சாட்டு. இரண்டாவது, பாலிசி செல்லும், ஆனால் இந்த நோய்க்கு மட்டும் பணம் கிடையாது என்பது. நான் படித்த மேல்முறையீடுகளில் பெரும்பாலானவை ஒன்றைச் சொல்லி மறுத்ததற்கு மற்றொன்றுக்குப் பதில் எழுதியவை, அல்லது குடும்பக் கஷ்டத்தை மட்டும் எழுதியவை. படிக்க மனம் கனக்கும். ஆனால் கோப்பில் எதையும் மாற்றாது.

உங்களுக்கு வந்தது முதல் வகை. 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணைதான் இதற்கு அடிப்படை. தனிநபர் காப்புறுதியில், நிறுவனம் தனக்கு வேண்டியதைக் குறிப்பாகக் கேட்க வேண்டும். நாம் நியாயமான கவனத்துடன் பதில் சொல்ல வேண்டும். தவறான பதில் வேண்டுமென்றோ, உண்மையா பொய்யா என்று பொருட்படுத்தாமலோ சொல்லப்பட்டிருந்தால் நிறுவனம் பாலிசியை ரத்து செய்து எல்லா இழப்பீட்டையும் மறுக்கலாம். கவனக்குறைவாலோ அறியாமலோ சொல்லப்பட்டிருந்தால், உண்மை தெரிந்திருந்தால் நிறுவனம் என்ன செய்திருக்கும் என்பதைப் பொறுத்தே தீர்வு அமையும். கூடுதல் பிரிமியத்துடன் ஏற்றிருப்பார்கள் என்றால் இழப்பீட்டைக் குறைக்கலாமே தவிர, முழுவதையும் மறுப்பதற்கில்லை. மேலும், ஆயுள் காப்புறுதி ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடப்பில் இருந்தால், மோசடி நோக்கத்தை நிறுவனம் நிரூபித்தாலொழிய இந்தக் காரணத்தால் அதை ரத்து செய்ய முடியாது. உங்கள் மெடிக்கல் கார்டு, அதாவது மருத்துவக் காப்புறுதி, ஆயுள் காப்புறுதியோடு இணைந்தது என்றால் இதைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

கையொப்பம் இட்டவருக்குத்தான் பொறுப்பு. 'படிக்காமல் இட்டேன்' என்பது தனியே நிற்காது. ஆனால், இரத்தக் கொதிப்பு உண்டு என்று உங்கள் கணவர் முகவரிடம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தால் கதை வேறு. முகவருக்குத் தெரிந்தது நிறுவனத்துக்கும் தெரிந்ததாகவே சட்டம் கொள்கிறது, இருவரும் சேர்ந்து மறைத்திருந்தாலன்றி. அன்றைய வாட்ஸ்அப் செய்திகளைத் தேடுங்கள். பூர்த்தி செய்த விண்ணப்பப் பாரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் உள்ள 2019ஆம் ஆண்டுப் பதிவையும் பெறுங்கள். ஒரு நாள் அளவு கூடியிருந்தது என்பதும், நோய் என்று உறுதி செய்து மருந்து தொடங்கினார்கள் என்பதும் ஒன்றல்ல. கட்டிய பிரிமியத்தைத் திருப்பித் தருவதாகக் காசோலை வந்தால், உடனே வங்கியில் போடாமல், முடிவை ஏற்கவில்லை என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

கேள்வி (ஜார்ஜ் டவுன்): மருத்துவமனையில் சேரும்போதே உத்தரவாதக் கடிதம் கிடையாது என்றார்கள். இது மறுப்பா?

பதில்: இல்லை. மருத்துவமனைக் கட்டணத்தைத் தானே செலுத்துவதாக நிறுவனம் மருத்துவமனைக்குத் தருவதுதான் உத்தரவாதக் கடிதம். ஆவணங்கள் போதாதபோதும், பழைய நோய் குறித்துச் சந்தேகம் இருக்கும்போதும் உத்தரவாதக் கடிதத்தை நிறுத்தி வைப்பது வழக்கம். நீங்களே கட்டணம் செலுத்தி, அசல் ரசீது, ஒவ்வொரு செலவையும் பிரித்துக் காட்டும் பில், மருத்துவ அறிக்கை ஆகியவற்றுடன் பின்னர் இழப்பீடு கோரலாம். அதற்குப் பிறகு வருவதே மறுப்பு.

கேள்வி (பட்டர்வொர்த்): என் மகளுக்குக் காய்ச்சல், டெங்கிச் சந்தேகத்தால் இரண்டு இரவு வார்டில் இருந்தாள். டெங்கி இல்லையென்று தெரிந்ததும், 'பரிசோதனைக்காக மட்டுமே சேர்க்கப்பட்டார்' என்று மறுத்துவிட்டார்கள்.

பதில்: பரிசோதனைக்கென்றே படுக்கையில் சேர்வதற்குப் பெரும்பாலான பாலிசிகளில் பணம் கிடையாது என்பது உண்மைதான். ஆனால், சேர்த்த நேரத்தில் மருத்துவருக்குத் தெரிந்ததை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டுமே தவிர, பிறகு வந்த முடிவை வைத்தல்ல. ஆகவே மருத்துவரிடம் ஒரு விளக்கக் கடிதம் கேளுங்கள். 'நோயாளி சோர்வாக இருந்தார்' என்ற ஒற்றை வரி பயனில்லை. இப்படிப்பட்ட வரிகளை நானே எத்தனையோ முறை தள்ளி வைத்திருக்கிறேன். காய்ச்சல் எத்தனை பாகை, பிளேட்லெட் எப்படி இறங்கியது, வாந்தியால் மருந்து உள்ளே தங்கவில்லையா, நரம்பு வழியே சொட்டு மருந்து எத்தனை மணி நேரம் ஏறியது, வீட்டிலிருந்தே பார்த்திருந்தால் என்ன ஆபத்து என்பதெல்லாம் அதில் வேண்டும். தாதியர் குறிப்பேட்டின் நகலும் கேளுங்கள். குடும்பத்தார் மறந்துவிடும் காகிதம் அது. உண்மையில் வலுவான சான்றும் அதுதான்.

கேள்வி (செந்தூல்): பாலிசி எடுத்து 95ஆம் நாள் பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை. காத்திருப்புக் காலம் 30 நாள்தானே?

பதில்: காத்திருப்புக் காலம் என்பது பாலிசி தொடங்கிய பின் இழப்பீடு கோர முடியாத ஆரம்ப நாட்கள். அது பொதுவான நோய்களுக்கு 30 நாள். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, கட்டிகள், குடலிறக்கம், சிறுநீரக, பித்தக் கற்கள் போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாள். உங்கள் நோய் அந்தப் பட்டியலில் உள்ளது. மேல்முறையீட்டில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம் என்றே சொல்வேன். பாலிசி தொடங்கிய நாளை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

கேள்வி (கிள்ளான்): மேல்முறையீட்டையும் நிறுவனம் நிராகரித்துவிட்டது. பேங்க் நெகாராவுக்குத்தான் போக வேண்டுமா?

பதில்: நிறுவனத்தின் நடத்தை பற்றிய புகாரை மத்திய வங்கியான பேங்க் நெகாராவிடம் கொடுக்கலாம், அதன் தொலைபேசிச் சேவையான பிஎன்எம் டெலிலிங்க் எண் 1-300-88-5465. இழப்பீட்டுத் தகராறைத் தீர்க்கும் இடம், நடுநிலையாக விசாரிக்கும் நிதிச் சந்தைகள் ஒம்புட்ஸ்மன் சேவை. 2025 ஜனவரி 1ஆம் தேதி முதல் இயங்கும் இது, முன்பிருந்த நிதிச் சேவைகள் ஒம்புட்ஸ்மனையும் பங்குச் சந்தைத் தகராறுகளைக் கவனித்த அமைப்பையும் இணைத்து உருவானது. பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை. 250,000 ரிங்கிட் வரையிலான இழப்பீட்டுத் தகராறுகளை ஏற்கும். நிறுவனத்தின் இறுதி முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். 60 நாள் ஆகியும் பதில் வராவிட்டாலும் போகலாம். 'இறுதி முடிவு' என்ற சொல் கடிதத்தில் இல்லையென்றால், இதுவே இறுதியா என்று எழுதிக் கேளுங்கள். இறுதி முடிவின் தேதியிலிருந்துதான் ஆறு மாதக் கணக்கு. அங்கே வரும் தீர்ப்பை நீங்கள் ஏற்றால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஏற்காவிட்டால் நீதிமன்றம் செல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வழக்கை முதலில் போட்டுவிட்டால் ஒம்புட்ஸ்மன் வாசல் அடைபட்டுவிடும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): முறையீடு முடியும் வரை பிரிமியம் கட்டாமல் இருக்கலாமா? பணமே தராதவர்களுக்கு ஏன் கட்ட வேண்டும்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானதுதான், ஆனாலும் கட்டுங்கள். ஓர் இழப்பீட்டை மறுத்ததாலேயே பாலிசி முடிந்துவிடுவதில்லை. நிறுவனமே அதை ரத்து செய்திருந்தால் மட்டும் நிலை வேறு. தவணை தவறி பாலிசி காலாவதியானால், புதிதாக எடுக்கும் கார்டில் காத்திருப்புக் காலம் மறுபடியும் முதல் நாளிலிருந்து ஓடும். இதற்கிடையே பதிவான எல்லா நோயும் 'முன்பே இருந்த நோய்' ஆகிவிடும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஏற்பாட்டைக் கோபத்தில் நிறுத்தியிருந்தால், இன்றைக்கே வங்கிக்குப் போய் அதைத் திரும்பத் தொடங்குங்கள்.